நல்ல தண்ணியில உப்புப் பூச்சி

கையக் கழுவலன்னு மட்டும் சொல்லாதீங்க சார். வேற என்ன வேணாலும் சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன். எனக்கு இங்கிலீஷ்ல நாலு வரி ஒழுங்கா எழுத வராது, வாஸ்தவம். வாய் ஜாஸ்தி, அதுவும் வாஸ்தவம், எங்க அம்மையே அதத்தான் சொல்லுவா. ஆனா உப்பளத்து பாட்டிலத் தொட்ட கையோட ஊத்துத்தண்ணி பாட்டிலத் தொட்டுட்டேன்னு சொல்லுதீங்க பாருங்க, அதுக்கு மட்டும் நான் தலையாட்ட மாட்டேன். கிளவுஸ் மாத்தினேன். ஸ்பிரிட் போட்டு மேசையத் துடைச்சேன். ஒண்ணத் தொட்ட நாள்ல இன்னொண்ணத் தொட்டதே கிடையாது. இம்புட்டையும் முப்பிடாதி சொல்லிக்கிட்டிருந்தது அவளோட கைடு கனகசபாபதி சார்கிட்ட இல்ல, ஆட்டோகிளேவ்கிட்ட. சார் ரூம்ல நின்னப்ப நல்லாத் தலையாட்டிட்டுத்தான் வந்தா. படியிறங்கி, வராந்தா தாண்டி, இந்த வேக்காட்டு ரூமுக்குள்ள வந்த பிறகுதான் வாய் தொறந்துது. அதுவும் மனசுக்குள்ள. ஆட்டோகிளேவுன்னா பெருசா ஒண்ணுமில்ல, இடுப்பு உசரத்துக்கு ஒரு குக்கர். சோறு வேகுறதுக்குப் பதிலா கிருமி வேகும், அவ்வளவுதான். இப்ப அதுக்குள்ள வேற ஆளோட சாமான் இருக்கு. அடுப்பு அணைச்சாச்சு, ஆனா ஆவி அடங்கி பிரஷர் காட்டுற முள்ளு கீழ இறங்குற வரைக்கும் மூடியத் தொடக்கூடாது. அதுவரைக்கும் நிக்கணும். கூடைய வச்சுக்கிட்டு நிக்கணும். கூடைக்குள்ள அவளோட பாட்டில்கள். இன்னும் கொஞ்ச நேரத்துல செமினார் ஹால்ல அவளோட பி.எச்.டி. வேலைய எடை போடுற டாக்டரல் கமிட்டி கூடுது, மொத்த டிபார்ட்மெண்டும் வந்து உக்காரும். அதுக்குள்ள இந்த பாட்டில் அத்தனையையும் வேக வச்சுக் கொன்னுட்டு, மேடையில ஏறி, என் கவனக்குறைவுனால கலந்துருச்சு, மறுபடி மொதல்ல இருந்து செய்யுதேன்னு சொல்லணும். அதான் உத்தரவு. என் கவனக்குறைவு. அந்த வார்த்தைய அவர் பேப்பர்ல கூட எழுதிக் குடுத்திருக்கலாம், வாசிச்சிருப்பேன். என் வாயால சொல்லணுமாம்ல.

கூடைய அவ கீழ வைக்கல. கீழ வச்சா ஏதோ விட்டுக்குடுத்த மாதிரி இருந்துச்சு. பாட்டில்ல இருந்தது நாவப்பழம் தின்ன நாக்கு கலர்ல நின்னுச்சு, லேசா ஆட்டினா புகை மாதிரி சுருண்டு சுருண்டு கலங்கும். பாக்டீரியாதான். ஆனா செடி மாதிரி வெளிச்சத்தத் தின்னு வாழுற பாக்டீரியா. பச்சைக்குப் பதிலா ஊதா. காத்து ஆகாது அதுக்கு, அதனால பாட்டில கழுத்து வரைக்கும் நிரப்பி மூடி இறுக்கணும். எல்.ஈ.டி. வெளிச்சமும் ஆகாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் சூட்டோட சேர்ந்து வருமே, அது வேணும், பழைய குண்டு பல்புலதான் கிடைக்கும். அந்த குண்டு பல்புக்கு அவ அலைஞ்ச அலைச்சல் இருக்கே. ஜங்ஷன்ல ஒரு எலக்ட்ரிக் கடைக்காரர், "என்னம்மா, கோழிக்குஞ்சு வளக்கியா?"ன்னு கேட்டார். "ஆமாண்ணாச்சி, கண்ணுக்குத் தெரியாத கோழி"ன்னா. அவர் சிரிச்சுக்கிட்டே பரண்ல இருந்து தூசி பிடிச்ச பெட்டிய எடுத்துக் குடுத்தார். அந்த பல்பு முன்னாடி பாட்டில வரிசையா வச்சு, வாரக்கணக்கா ஒண்ணும் நடக்கல. வெறும் தண்ணி. பிறகு ஒருநாள் காலையில பாத்தா அடியில ஒரு ரோஸ் கலர், குழந்தை கன்னத்துல தெரியுமே அந்த மாதிரி, இருக்கோ இல்லையோன்னு. அவ லேப்ல தனியா நின்னு குதிச்சா. குதிச்சதுக்குக் காரணம் கலர் இல்ல. உப்பு. அந்த பாட்டில்ல அவ கடல்தண்ணி அளவுக்கு உப்பு போட்டிருந்தா. உப்பு போடாத பாட்டில்ல ஒண்ணும் முளைக்கல. அப்படின்னா இது உப்பு இல்லாம வாழாத சாதி. ஆனா வந்த இடம்? வெந்நீர் ஊத்து. கொதிக்குற ஊத்துன்னாலும் நல்ல தண்ணி, ஆறவச்சுக் குடிக்கலாம். மீட்டர் விட்டுப் பாத்தா ஹாஸ்டல் பைப்புத்தண்ணிய விட உப்பு கம்மி. உப்புல பழகின உயிர நல்ல தண்ணியில போட்டா உடம்புக்குள்ள தண்ணி ஏறி ஊதி வெடிச்சிரும். வெடிச்சிருக்கணும். வெடிக்கல. எப்படி? அதான் கேள்வி. அதான் தீசிஸ். அந்த கேள்விதான் இப்ப கூடையில இருக்கு.

கேள்விய வேக வைக்கச் சொல்லுதீங்க சார். ஏன்னா நம்ம லேப்பு உப்பளத்து லேப்பு, இருபது வருசமா நீங்க தூத்துக்குடி உப்பளத்துலயே ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்கீங்க, பிரிட்ஜ் பூரா உப்பளத்து பாக்டீரியா, கதவு இடுக்குல கூட அதுதான் இருக்கும், அதுல ஒண்ணு பறந்து வந்து இவ பாட்டில்ல விழுந்திருக்கும். அப்படித்தான? சொல்றது சுலபம். அப்ப உப்பு போட்டு வச்ச வெறும் பாட்டில், ஊத்துத்தண்ணியே ஊத்தாத பாட்டில், அதுல ஏன் ஒண்ணும் முளைக்கல? அத எந்த சாமி காப்பாத்திச்சு? இத நான் உங்க ரூம்லயே கேட்டிருக்கணும். கேக்கல. ஏன் கேக்கல? அந்த இடத்துக்கு வந்ததும் அவ நெனப்பு முட்டிக்கிட்டு நின்னுச்சு, வண்டிச்சக்கரம் குழியில எறங்கின மாதிரி. ஏன்னா சார்கிட்ட ஒரு காகிதம் இருந்துச்சு. பெங்களூர்ல இருந்து வந்த ஜீன் ரிசல்ட். அவளோட பாக்டீரியாவும் சாரோட உப்பளத்து பாக்டீரியாவும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஒட்டிப் பிறந்த மாதிரி. அத அவ வாயால மறுக்க முடியாது. கை சுத்தம். ஆனா ரிசல்ட்டும் பொய் இல்ல. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்? சூடு தாங்குதே சார், என் பாக்டீரியா சூடு தாங்குதேன்னு போன வாரம் சொன்னா. மே மாசத்து உப்பளப் பாத்தியும் காலு வைக்க முடியாமத்தான் கொதிக்கும், அது அவளுக்கும் தெரியும். சொல்லி முடிக்கிறதுக்குள்ளயே தெரிஞ்சு போச்சு, இது நிக்காதுன்னு.

"ஏட்டி முப்பி, அத முறைச்சா சீக்கிரம் ஆறிருமா?" கதவுகிட்ட இருந்து ஹிதாயா. உள்ள வெந்துக்கிட்டிருக்கிறது இவளோட சாமான்தான். மேலப்பாளையத்துக்காரி, பக்கத்து லேப்பு, எந்நேரமும் எதையாவது கொறிக்கிறவ. ரூமுக்குள்ள தின்னக்கூடாதுன்னு போர்டு இருக்கிறதால வாசப்படிக்கு வெளிய ஒரு காலு, உள்ள ஒரு காலு வச்சு நின்னுக்கிட்டு டிபன் பாக்ஸத் தொறந்தா.

"உன் சாமான் ஏன்ளா இவ்வளவு நேரம் எடுக்கு?"

"மிஷினக் கேளு. அது நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலத்துது. ஆமா, உண்மையாவே கொல்லப் போறியா?"

"சொல்லியாச்சுல்ல."

"ஒண்ணே ஒண்ண ஒளிச்சு வையேன். எங்க பிரிட்ஜுல வச்சிக்கிடுதேன். யாரும் கேட்டா தயிர்னு சொல்லுதேன்."

"ஊதாத் தயிரா?"

"பீட்ரூட் தயிர்ட்டி. இந்தா, முட்ட வேணுமா?"

வேண்டாம்னா. வேண்டாம்னு சொல்றதுக்குள்ள வாசம் வந்துருச்சு. மிளகு. அவிச்ச முட்டைய ரெண்டா வெட்டி, மேல கல்லுப்பும் மிளகும் நுணுக்கித் தூவியிருந்தா ஹிதாயா. அந்த மிளகு வாசம் மூக்குல ஏறி, ஈர ஆவியோட கலந்து, எங்கயோ ஒரு கதவத் தொறந்துச்சு. ஈரம், ஆவி, மிளகு. இந்த மூணும் சேர்ந்து இதுக்கு முன்னாடி ஒரு தடவ அவ மூக்குல ஏறியிருக்கு. எங்க? வீட்டுல ரசத்துலயா? இல்ல. ரசத்துல புளி இருக்கும். இது புளி இல்லாத, கந்தகம் லேசா அடிக்கிற, கல்லு நனைஞ்ச வாசம். தப்தேஸ்வர். கொங்கண் பக்கத்து ஊரு, அந்த ஊத்து இருக்குற ஊரு. போன வருசம் மார்கழி. சார், சாரோட மேடம், அவ, மூணு பேரும் ரயில்ல போனது. சாம்பிள் எடுக்கிறதுக்கு மேடம் எதுக்குன்னு அவ கேக்கல. ப்ராஜெக்ட் பயணத்தோட கோயிலையும் முடிச்சிக்கிடுறது எல்லா ப்ரொபசரும் பண்றதுதான். ரயில்ல மேடம் எலுமிச்சஞ்சோறு பிரிச்சுக் குடுத்துக்கிட்டே பேசினாங்க, சார் மேல் பெர்த்ல தூங்கினப்புறம், குரல இறக்கி. "பாப்பாவுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம் முப்பிடாதி. இவருக்கு இப்ப முழங்கை கிட்ட வெள்ளையா வந்திருக்கு. அதான் எந்நேரமும் முழுக்கைச் சட்டை. யார்ட்டயும் சொல்லிராதம்மா. நம்ம ஆளுங்களப் பத்தித் தெரியும்லா." அவ சொல்லல. இன்னிக்கு வரைக்கும் ஹிதாயாகிட்ட கூடச் சொல்லல. அது ஒட்டுற நோயும் இல்ல, ஒரு குத்தமும் இல்ல, தோல் கலர விட்டுருது, அவ்வளவுதான். சாருக்குத் தெரியாததா அது. இருந்தாலும் அவர் முழுக்கைச் சட்டை போட்டார். வெயில்லயும் போட்டார். அதப் பாத்து அவளுக்குப் பாவமா இருந்துச்சு, அந்தப் பாவம் பாத்ததுல இப்ப எரிச்சல் வந்துச்சு.

முள்ளு கொஞ்சம் இறங்கியிருந்துச்சு. இன்னும் பாதி. அவ கூடைய ஒரு கையில இருந்து மறு கைக்கு மாத்தினா. ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்ப இருட்டிருச்சு. மலைச்சரிவுல கோயில். மேல ஒரு சின்ன கல்லு ரூம், அதுக்குள்ள மூல ஊத்து, அங்க ஆம்பளைங்கள மட்டுந்தான் விடுவாங்க. கீழ குளிக்கிற தொட்டி, அது எல்லாருக்கும். மேல இருந்து கீழ ஒரு வாய்க்கால், ஆவி பறக்க ஓடும். அன்னிக்கு சாயங்காலம் மேடமும் அவளும் படியில உக்காந்திருந்தாங்க. மேடம் மடியில ஒரு மஞ்சப்பை. சார் வந்து அத வாங்கிட்டுப் போனார். திரும்பி வரும்போது பை காலி, நாலா மடிச்சு கையில. மேடம் ஒரே ஒரு வார்த்த கேட்டாங்க. "போட்டாச்சா?" சார் தலைய ஆட்டினார். மேடம் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. அப்ப மிளகு வாசம் வந்துச்சு. பையில இருந்து. உப்பும் மிளகும். அவ ஊர்லயும் போடுவாங்க, உடம்புல மரு வந்தா, தேமல் வந்தா, உப்பையும் மிளகையும் கோயில் தண்ணியில போட்டு, இது கரையுற மாதிரி அதுவும் கரையணும்னு வேண்டிக்கிடுவாங்க. அவளுக்கே சின்னப் பிள்ளையில கழுத்துல மரு வந்தப்ப அம்மை போட்டிருக்கா. அதனாலதான் அது அவ கண்ணுல உறுத்தல. ஒரு மைக்ரோபயாலஜி ப்ரொபசர், நாளைக்குக் காலையில சாம்பிள் எடுக்கப்போற தண்ணியில, முந்தின நாள் சாயங்காலம் உப்பக் கொட்டிட்டு வாரார், பக்கத்துல உக்காந்திருக்குற மைக்ரோபயாலஜி ஸ்டூடண்டுக்கு ஒண்ணுமே தோணல. சாமி காரியம்ல. சாமி காரியம் ஒரு கணக்குல, சாம்பிள் ஒரு கணக்குல. ரெண்டையும் ஒரே மூளையில வச்சிருந்தும் ஒண்ண ஒண்ணு இடிக்கல. அந்த உப்பு எங்க வாங்கினது? கேக்கணுமா? சார் வீடு தூத்துக்குடியில. பாக்கெட் உப்பு இல்ல, வேண்டுதலுக்குக் கல்லுப்புதான், உப்பளத்துல அள்ளினது. ஒவ்வொரு கல்லுக்குள்ளயும் ஒரு சொட்டுத் தண்ணி மாட்டிக்கிட்டு நிக்கும், அந்த சொட்டுக்குள்ள உப்பளத்து பாக்டீரியா உசுரோட தூங்கும். இத அவளுக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? அவர்தான். மொத வருசம், மொத கிளாஸ்.

அப்ப கை கலக்கல. பை கலந்துருச்சு. அவ ஆட்டோகிளேவ் மூடி மேல கை வச்சா, சுட்டுது, எடுத்தா. இவ்வளவு நாளா இத எங்க வச்சிருந்தேன். ரெண்டு மாசமா ராப்பகலா ஒவ்வொரு பாட்டிலாத் திருப்பிப் பாத்தேனே, ஒவ்வொரு கிளவுஸா நினைச்சுப் பாத்தேனே, இத மட்டும் ஏன் நெனைக்கல. ஹால்ல எந்திரிச்சு நின்னு சொன்னா முடிஞ்சுது, கை சுத்தம்னு ஊருக்கே தெரியும். சொல்லப்போறேன் சார். சொல்லியே தீரப்போறேன். சொன்னா என்ன ஆகும்? அங்கதான் அடுத்த குழி. சொன்னா அவ கை சுத்தம். ஆனா பாக்டீரியா செத்துச்சு. ஊத்துல உப்புப் பூச்சி வாழுதுன்னு அவ சொன்னது அத்தனையும் சார் வீட்டு அடுப்படி உப்புன்னு ஆயிரும். அவ சாம்பிள் சுரண்டின வாய்க்கால் ஓரத்துக் கல்லுல வெள்ளையா ஒரு பொருக்கு இருந்துச்சே, தண்ணி தெறிச்சுத் தெறிச்சுக் காஞ்சு, தெறிச்சுத் தெறிச்சுக் காஞ்சு, கட்டைவிரல் அளவுக்கு ஒரு உப்பளம் தானா உண்டாகியிருக்குன்னு நினைச்சாளே, நல்ல தண்ணிக்கு நடுவுல இந்த உசுரு இதுக்குள்ளதான் தாக்குப்பிடிக்குதுன்னு படம் போட்டு எழுதினாளே, நாக்குல வச்சுக் கூடப் பாத்தாளே, கரிச்சுதே, அது என்ன உப்பு? ஊத்து சேர்த்து வச்ச உப்பா, பையில வந்த உப்பா? முந்தின நாள் அந்தப் பொருக்கு அங்க இருந்துச்சா? இருட்டிருந்துச்சு. பாக்கல. பாக்கலையே. தண்ணி மேல இருந்து கீழதான் ஓடும். சார் மேல ஊத்துல போட்டிருந்தா எல்லாம் போச்சு, வாய்க்கால் வழியா உப்பு அவ சுரண்டின கல்லத் தாண்டித்தான் வந்திருக்கும். கீழ தொட்டியில போட்டிருந்தா ஒண்ணும் ஆகல. உப்பு மேல ஏறாது. அப்ப ஜீன் ஒண்ணா இருக்கிறதுதான் அதிசயமே, உப்பளத்துல இருக்குறவன் சொந்தக்காரன் மலைக்கு மேல, நல்ல தண்ணியில, யாருக்கும் தெரியாம வாழுதான்னு அர்த்தம். மேலயா, கீழயா. திரும்பி வரும்போது சாரோட வேட்டி நனைஞ்சிருந்துச்சா? தொட்டியில இறங்கியிருந்தா முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கும். அவ கண்ண மூடினா. மேடத்தோட கன்னம் தெரியுது, மடிச்ச பை தெரியுது, தலையாட்டுனது தெரியுது, வேட்டி தெரியல. எத்தன தடவ நெனச்சாலும் இடுப்புக்குக் கீழ ஆவியாத்தான் தெரியுது. சில தடவ நனைஞ்சு தெரியுது. ஆசையில நனையுது அது, நம்பக்கூடாது.

அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டுந்தான் தெரியும். ரிசல்ட்டு கையில வந்தன்னிக்கே அவருக்கு ஞாபகம் வந்திருக்கும், வராம இருக்குமா, அதனாலதான் இந்த அவசரம், அதனாலதான் கொல்லு கொல்லுங்கிறார். இல்ல, ஒருவேள அவருக்கும் தோணலியோ? அவர் மூளையிலயும் சாமி ஒரு பக்கம் சாம்பிள் ஒரு பக்கமா இருக்கோ? அப்படின்னா அவர் என்னைய உண்மையாவே கை சுத்தமில்லாதவன்னு நெனைக்கார். எது மோசம்? தெரிஞ்சு சொன்னா வஞ்சகம். தெரியாம சொன்னா, என் கூட மூணு வருசம் நின்னு பாத்த மனுசன் என்னைய ஒரு நிமிசத்துல நம்பாமப் போயிட்டார். ரூமுக்குப் போய்த் தனியாக் கேப்போமா? சார், நீங்களும் நானும் மட்டும், எங்க போட்டீங்கன்னு. கேட்டா என்ன நடக்கும்னு அவளுக்குத் தெரியும். கண்ணாடியக் கழட்டித் துடைப்பார். பிறகு பாட்டில் வெந்துரும். கவனக்குறைவுன்னு அவ பேர் பக்கத்துல எழுதிருவாங்க, அந்த எழுத்து எந்த லேப்புக்குப் போனாலும் அவளுக்கு முன்னாடி போய் நிக்கும். பொதுவுல கேட்டா? பொதுவுல கேட்டா முழுக்கைச் சட்டை. எதுக்குய்யா உப்பு போட்டீங்கன்னு எவனாவது கேப்பான். மேடத்தோட எலுமிச்சஞ்சோறு. பாப்பாவோட வரன். யார்ட்டயும் சொல்லிராதம்மா. சொல்லல மேடம். சொல்லவும் மாட்டேன். உங்களுக்குக் குடுத்த வாக்கு வேற, எனக்கு வரவேண்டிய பதில் வேற.

"முப்பி, இறங்கிருச்சு பாரு." ஹிதாயா வாயத் துடைச்சுக்கிட்டே உள்ள வந்தா. முள்ளு கீழ படுத்திருந்துச்சு. ரெண்டு பேருமா திருகாணியக் கழட்டி மூடியத் தள்ளினாங்க, குப்புன்னு ஆவி முகத்துல அடிச்சுது. ஹிதாயா துணிய சுத்திப் பிடிச்சு தன் சாமான ஒவ்வொண்ணா எடுத்து வச்சா. அடியில தண்ணி தளதளன்னு கிடந்துச்சு. இடம் காலி. "வை" அப்படின்னா ஹிதாயா, பிறகு முப்பிடாதி மூஞ்சியப் பாத்துட்டு, "ஏட்டி, என்ன?"ன்னா.

"மூடிரு."

"என்னது மூடிருவா? சார் கொன்னுபோடுவார்ட்டி."

"ரிசல்ட்ட எத்தனையோ தடவ பாத்தாச்சு. ஆளத்தான் இன்னும் கேக்கல"ன்னு சொல்லிட்டு அவ கூடையோட வெளிய வந்தா. ஹிதாயா பின்னாடியே ஏதோ சொல்லிக்கிட்டு வந்தா, பாதி புத்திமதி, பாதி கலிமா ஓதுற மாதிரி இருந்துச்சு. படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினா, கோவத்துலதான்னு அவ தனக்கே சொல்லிக்கிட்டா, பயம் இல்ல, கோவந்தான். பதில் மேலன்னு வந்தா? வந்தா இந்த பாட்டிலத் தன் கையாலேயே வேக வைக்கணும், அப்ப அழுகை வரும், வரட்டும், அது தெரிஞ்சு கொல்றது. தெரியாமக் கொல்ல மாட்டேன்.

ஹால்ல எல்லாரும் உக்காந்தாச்சு. மொத வரிசையில கமிட்டி ஆளுங்க, வெளியூர்ல இருந்து வந்த ஒரு வயசான மேடம், பிஸ்கட் தட்டு, தண்ணி பாட்டில். சார் ஓரத்துல முழுக்கைச் சட்டையோட. கூடையப் பாத்ததும் அவர் மூஞ்சி மாறிச்சு, பட்டன் போட்ட கைய மேசைக்கு அடியில இழுத்துக்கிட்டார். அவ அந்தப் பக்கம் பாக்காம கூடைய மேசை மேல வச்சா. அந்த வெளியூர் மேடம் மூக்குக்கண்ணாடிய இறக்கி, "என்னம்மா இது, இவ்வளவு அழகா இருக்கு?"ன்னு கேட்டாங்க. முப்பிடாதி ஒரு பாட்டில எடுத்து அவங்க முன்னால வச்சா. ஸ்லைடு போடல. ஓரத்துல உக்காந்திருந்தவர மட்டும் பாத்தா.

"சார், நான் பேசுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு விவரம் வேணும். என் கை கலக்கல, அத நான் நிரூபிக்கேன், அது என் பாடு. தப்தேஸ்வர்ல, நான் சாம்பிள் எடுக்கிறதுக்கு முந்தின நாள் சாயங்காலம், நீங்க தண்ணியில கல்லுப்பு போட்டீங்க. எதுக்குப் போட்டீங்கன்னு நான் கேக்கல, இங்க வேற யாரும் கேக்கவும் வேண்டாம். எங்க போட்டீங்க? மேல ஊத்துலயா, கீழ தொட்டியிலயா? எனக்குத் தெரியாது சார், உங்களுக்குத்தான் தெரியும். மேலன்னா இத நானே கொன்னுருதேன். கீழன்னா இது உசுரோட இருக்கும். தலையாட்டாதீங்க. எந்திரிச்சு, இவங்க எல்லாரும் கேக்குற மாதிரி, வாயத் தொறந்து சொல்லுங்க."